கையக்கா எடுத்துக் கொடுத்த சொல்

எங்கள் சபையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்னப் பிள்ளைகள் 'கையக்கா' என்று ஆரம்பித்தார்கள். பிறகு பெரியவர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. அவரைவிட மூத்த கிழவர்கள்கூட 'கையக்கா வந்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். காது கேளாதவர்களுக்காக ஞாயிறுதோறும் பிரசங்கத்தைச் சைகையில் சொல்வது அவர் வேலை. பிரசங்க மேடைக்கு இடப்பக்கம் ஒரு மரப்பெட்டி கிடக்கும். அதன்மேல் ஏறி நிற்பார். எதிரே மூன்றாவது வரிசை பெஞ்சு அந்தப் பதினோரு பேருக்கு. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் கையக்கா பெட்டியிலிருந்து இறங்கி வந்து, சிரித்த முகத்தோடு எழுப்பி விடுவார்.

நான் அதே கோயிலில் மைக் செட்காரன். மேல்மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை என்னுடையது. என் தொழிலில் ஒரே ஒரு தர்மம்தான் உண்டு: நான் அங்கே இருப்பதே தெரியக் கூடாது. மைக் கீச்சென்று கத்தினால்தான் ஜனங்கள் திரும்பி மேலே பார்ப்பார்கள், அதுவும் முறைத்துப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் கூட்டிக் குறைத்த சத்தத்தில் ஒரு துளிகூடச் சேராத ஒரு பெஞ்சு, என் கண்ணுக்கு நேராகக் கீழே இருந்தது. அந்தப் பதினோரு பேருக்கும் என்னால் பைசா பிரயோஜனமில்லை. அதனாலோ என்னவோ, பொழுது போகாதபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களையும் கையக்காவின் கைகளையும்தான்.

வாரநாட்களில் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது, ஃப்ரேமைக் காதுக்குப் பின்னால் அளவு பார்த்து வளைத்துக் கொடுப்பது. கல்யாணம் ஆகவில்லை. கூடப்பிறந்த தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு பேசுவதற்காகத்தான் சைகை படித்தார். தம்பி முப்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான். படித்த பாஷை கையில் மிச்சமிருந்தது, அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். மோதிரம், வளையல் எதுவும் கிடையாது. பூப்போடாத கறுப்பு உடைதான், கை பளிச்சென்று தெரிய வேண்டுமே. பார்த்தால் எந்நேரமும் துக்கத்துக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். அதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால், 'எனக்கென்ன தம்பி, எந்தச் சாவுக்கும் உடுப்பு மாத்த வேண்டியதில்ல' என்பார்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அவர் கடைக்கு விடுமுறை. அன்று என் அறைக்கு வருவார். வந்ததற்குக் காரணம் நானில்லை, புதிய ஏற்பாட்டின் மூல பாஷைக்கான ஒரு கிரேக்க அகராதி. முன்பிருந்த போதகர் விட்டுவிட்டுப் போன தடிப் புத்தகம். ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கம் ஆடுகிறதென்று நான் அதை அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் கையக்கா அதைக் கண்டுபிடித்து உருவ, என் ஆம்ப்ளிஃபயர் சாய்ந்துவிட்டது. 'வேத வசனத்துக்கு அர்த்தம் சொல்ற புத்தகத்த எங்க வச்சிருக்கீங்க பாருங்க' என்று திட்டினார். மறுநாள் நான் ஒரு செங்கல் கொண்டுவந்து வைத்தேன். கிரேக்க எழுத்தை ஒரு மாதத்தில் படித்துவிட்டார். பாதி எழுத்து கடைப் பலகையில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பார்த்ததுதான் என்று அலட்டிக்கொள்வார்.

இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது.

"பேசறவங்களுக்கு என்ன, 'அழுதார்'னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடலாம். நான் எப்படி அழுதார்னு காட்டணும்ல? வாயத் திறந்தா, மூடியா? நின்னுக்கிட்டா, விழுந்தா? என் முகத்தத்தானே அவங்க பாக்கறாங்க."

அதுதான் அவருடைய முறை. ஞாயிற்றுக்கிழமை வசனம் எதுவென்று போதகரிடம் முன்னாடியே கேட்டு வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடி, அது எந்த மாதிரி அழுகை, எந்த மாதிரி சந்தோஷம், எந்த மாதிரி பயம் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற கையையும் முகத்தையும் தீர்மானிப்பார். பிறகு கோடு போட்ட நோட்டில் வரைந்து வைப்பார். அந்த நோட்டில் எழுத்தே அதிகம் இருக்காது. பக்கம் பக்கமாகக் கைகள்.

செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்புமுன், அவன் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்ட அதிகாரத்தை அவர் என் அறையில் வைத்துத்தான் பிரித்துப் பார்த்தார். மூன்று சொற்கள். ஒன்று கிளாயோ. செத்தவனின் சகோதரியும் கூட வந்தவர்களும் அழுதது இந்தச் சொல். வாய்விட்டு, ஓலமிட்டு, தெரு முழுக்கக் கேட்க அழுவது. இன்னொன்று தக்ரூவோ. இயேசுவுக்குப் போட்டிருப்பது இது. சத்தமில்லை, கண்ணிலிருந்து நீர் மட்டும் இறங்குகிறது. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்த வினை வேறெங்கும் வராதாம். இதுவரை எனக்கும் சரியாகவே பட்டது. மூன்றாவது சொல்லுக்கு வந்தபோது கையக்கா அகராதியை மூடிவிட்டார்.

அந்த மூன்றாவது, கண்ணீருக்கு முன்பே வருகிறது. எம்ப்ரிமாவோமாய். ஆவியிலே கலங்கினார் என்று நாம் மெத்தென்று படித்துவிட்டுப் போகிறோமே, அந்த இடம். பழைய கிரேக்கத்தில் அது குதிரை மூக்கால் சீறுவதற்குச் சொல்வதாம். மனிதனுக்குச் சொன்னால் அடக்க முடியாத கோபம். கையக்கா எழுந்து என் அறைக் கண்ணாடியைப் பார்த்து நின்று செய்து பார்த்தார். முஷ்டியை நெஞ்சில் வைத்து, உடம்பு ஒரு தரம் உதற, மூக்கால் ஊதினார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அவருக்கு எதுக்குக்கா கோவம்? அவர்தானே இன்னும் ரெண்டு நிமிஷத்துல எழுப்பப் போறாரு?"

"தெரியல தம்பி. சாவு மேலயா, நின்னவங்க மேலயா, தன் மேலயான்னு இதுல போடல. ஆனா எழுதினவர் இந்தச் சொல்லத்தான் போட்டிருக்கார். ரெண்டு தடவ போட்டிருக்கார்."

நோட்டில் அதற்கென்று முழுப் பக்கம் ஒதுக்கி வரைந்தார். நாற்பத்தொன்றாம் பக்கம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் தையல்காரம்மா. உடுப்பைச் சின்னதாக்கி, பெரிதாக்கிக் கொடுக்கும் கடையில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகன், பத்தொன்பது வயது, நன்றாகக் காது கேட்கிறவன். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயர்கிறதென்று தெரியாது. அம்மாவின் குரல் எழும்பினால் மகன் இரண்டு விரலை அவர் மணிக்கட்டில் வைப்பான். அவர் உடனே அடங்கிவிடுவார். பாட்டு நேரத்தில் நான் மேலேயிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் முறைக்குமுன் அவன் விரல் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் மைதானத்தில் அப்படியே விழுந்தான். இதயத்தில் ஏதோ கோளாறு, பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

வெள்ளிக்கிழமை அடக்க ஆராதனை. வியாழக்கிழமை கையக்கா போதகரைப் போய்ப் பார்த்தார். போதகர் வயதில் எங்களைவிடச் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவர். பிரசங்கம் மட்டும் அவருக்கு வராது. அதனால் கையக்காவிடம், 'இந்த வசனத்துல மூலத்துல ஏதாச்சும் இருக்காம்மா?' என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்வார். கையக்கா அதற்குக் கோபப்பட்டதே கிடையாது. அடக்கத்துக்கு எடுத்ததும் லாசருவின் அதிகாரம்தான். மூன்று சொல்லையும் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது போதகரின் பேனா ஓடவில்லை என்பதையும் சொன்னார். நாங்கள் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கோயில் நிரம்பியிருந்தது. சவப்பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். தையல்காரம்மா அழ ஆரம்பித்தார்.

சத்தம்தான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். அந்தக் குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நாமெல்லாம் அழும்போதுகூட நம் காது நம் குரலைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. அவருக்கு அந்தப் பிடி கிடையாது. அடியிலிருந்து எழும்பி, உடைந்து, நின்று, எதிர்பாராத இடத்தில் மறுபடி உச்சத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஒரு குழந்தை பயந்து வீறிட்டது. மணிக்கட்டில் விரல் வைக்க யாருமில்லை. வைக்கிறவன் பெட்டிக்குள் கிடந்தான். அவருடைய கணவரின் அண்ணன், மானஸ்தர், எழுந்து போய்ப் போதகரின் காதில் ஏதோ சொன்னார்.

போதகர் என் அறையைப் பார்த்துக் கையை மேலே உயர்த்திக் காட்டினார். கூட்டு என்று அர்த்தம். பாடகர் குழுவின் பாட்டை நான் கூட்டினேன். எல்லா ஸ்பீக்கரிலும், போகிற அளவுக்குப் போக விட்டேன். யோசித்தேன், கையெல்லாம் நடுங்கியது என்று இப்போது கதை விடலாம். அதெல்லாம் இல்லை. உள்ளபடியே எனக்கும் அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. பாட்டு அவர் குரலை முழுசாக மூடிவிட்டது.

அவருக்குத் தெரியாதென்று நினைத்தேன். ஆனால் பெரிய சத்தம் மரத்தில் இறங்கும். தையல்காரம்மா அழுதுகொண்டே உள்ளங்கையைப் பெஞ்சில் வைத்தார். பெஞ்சு அதிர்ந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி, மேலே, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் போதகர் பேசினார். நம் ஆண்டவரும் அழுதார், ஆனால் எப்படி அழுதார், என்று கேட்டு நிறுத்தினார். மூல பாஷையில் அங்கே வருகிற சொல் தக்ரூவோ, அதற்குச் சத்தமில்லாத கண்ணீர் என்று அர்த்தம், மற்றவர்கள் ஓலமிட்டார்கள், அவர் ஓலமிடவில்லை, விசுவாசிகளின் துக்கம் இப்படித்தான் அமைதியாக இருக்க வேண்டும் என்றார்.

கையக்காவின் கை நின்றுவிட்டது.

இத்தனை வருஷத்தில் அவர் கை பின்தங்கி நான் பார்த்ததில்லை. சைகை சொல்பவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. சொல்வதைச் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொந்த முகத்தைக் காட்டக் கூடாது, பேசுகிறவரின் முகத்தைத்தான் காட்ட வேண்டும். அந்த ஒரு விநாடி அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வரைந்த கோபம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கோயிலில் வேறு ஒருவருக்கும் தெரிந்திருக்காது, பதினோரு பேருக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. விரலைக் கன்னத்தில் வைத்து மெதுவாக இறக்கினார். திறந்த வாயைக் காட்டி, 'இப்படி வேண்டாம்' என்று கையை அசைத்தார். முகத்தில் போதகரின் அமைதியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா பார்த்தார். கைக்குட்டையை உருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். மண் போட்டு முடியும்வரை அதை எடுக்கவில்லை. போகும்போது பலபேர் போதகரின் கையைப் பிடித்து, மனதுக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கையக்கா என் அறைக்கு ஏறி வந்து உட்கார்ந்தார்.

"நான் எடுத்துக் குடுத்த சொல்லு தம்பி அது. அந்த அம்மா வாய அடைக்கறதுக்கா நான் தேடித் தேடி எடுத்தேன்?"

நான் பாட்டைக் கூட்டியதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீங்கள் என்ன செய்ய முடியும், உங்கள் வேலை அப்படி என்று ஏதோ மழுப்பினேன். போதகரிடமும் அவர் கேட்டார். மற்ற சொல்லை ஏன் விட்டீர்கள் என்று. சாவு வீட்டில் நின்று கோபத்தைப் பற்றிப் பேச முடியுமா அம்மா, அந்த நேரத்துக்கு எது ஆறுதலோ அதைச் சொன்னேன் என்றாராம்.

தையல்காரம்மா அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை. நாலு வாரம் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கையக்கா அவர் தைக்கும் கடைக்குப் போனார். அன்று நடந்ததை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். தொங்கிய கால்சட்டைகளுக்கு நடுவில் நின்று, பக்கத்தைக் காட்டி, அந்தச் சொல்லைச் செய்து காட்டியிருக்கிறார். முஷ்டி, நெஞ்சு, மூச்சு. தையல்காரம்மா தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தாராம். இன்னொரு தரம் செய்யச் சொன்னாராம். செய்திருக்கிறார். பிறகு கேட்டது இரண்டு கேள்விகள்.

இது உனக்கு அன்றைக்கே தெரியுமா?

தெரியும் என்றார் கையக்கா.

தெரிந்தும் உன் கை ஏன் என்னை வாயை மூடச் சொன்னது?

கையக்கா பதில் சொல்லக் கையைத் தூக்கியிருக்கிறார். அதற்குள் தையல்காரம்மா குனிந்து, கண்ணை மிஷினின் ஊசியில் வைத்துவிட்டார். சைகையில் பேசுகிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டால் அவ்வளவுதான், கதவைச் சாத்தியது மாதிரி. தோளைத் தொட்டுக் கூப்பிடலாம். கையக்காவுக்குத் தொட மனம் வரவில்லை. மிஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டார்.

அதோடு வியாழக்கிழமைகள் நின்றன. மரப்பெட்டியில் மட்டும் இன்னும் இரண்டு வருஷம் நின்றார். அகராதி என் மேஜையில் தூசு படிந்து கிடந்தது. போதகர் வசனத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், ஒன்றுமில்லை ஐயா, அங்கே எழுதியிருப்பதுதான் என்று சொல்லிவிடுவாராம். கைகள் பழையபடி ஓடின, தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் முகம் போய்விட்டது. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே முகம். பெஞ்சில் பதினொன்று பத்தாகி, பத்து ஏழானது. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. அன்றைக்கே செய்திருக்கலாமே, செய்யாததற்கு இப்போது எங்களை ஏன் பட்டினி போடுகிறார் என்று. என் யோக்கியதைக்கு அந்தக் கோபம் அதிகம்தான்.

வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தபோது முற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிக் கிடந்தது. நோட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"உங்களுக்கு இது ஒண்ணுத்துக்கும் ஆகாது. முட்டுக் குடுக்கவாச்சும் வச்சுக்குங்க."

சிரிப்பதற்காகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையக்காவின் அடக்க ஆராதனைக்கு அந்தப் பதினோரு பேரும் வந்திருந்தார்கள், நின்றுபோனவர்களும் சேர்த்து. மூன்றாவது வரிசை பெஞ்சு நெருக்கமாக நிறைந்திருந்தது. ஓரத்தில் தையல்காரம்மா. சைகை சொல்ல ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் அது தானாக நடந்த காரியம் என்று நினைத்துவிட்டோம். போதகர் நல்ல வார்த்தைகள் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் போதகரைப் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் வெறும் மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்தக் குரல் எழும்பியது. அதே குரல். அடியிலிருந்து, உடைந்து, மறுபடி ஏறி. தலைகள் திரும்பின. போதகர் பேச்சை நிறுத்தாமலே மேலே பார்த்து, அதே மாதிரி கையை உயர்த்தினார்.

நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். மைக், ஸ்பீக்கர், எல்லாம். போதகரின் வாய் மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. தையல்காரம்மாவின் குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை, செய்வதற்கும் ஒன்றுமில்லை. நடுவில் அவர் உள்ளங்கையைப் பெஞ்சில் வைத்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். வாயை மூடவில்லை.

அடக்கம் முடிந்து, ஒயர்களைச் சுருட்ட நான் மாடிக்கு வந்தேன். பின்னாலேயே படியேறி வந்து வாசலில் நின்றார் தையல்காரம்மா. முகம் வீங்கியிருந்தது. என்னிடம் கையால் பேச ஆரம்பித்தார், நீளமாக. திட்டினாரா, நன்றி சொன்னாரா, கையக்காவைப் பற்றி எதுவும் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் மேலேயிருந்து அந்தக் கைகளை வேடிக்கை பார்த்தேனே தவிர, ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. பென்சிலையும் காகிதத்தையும் நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை நிதானமாக, செவிடனுக்கு உறைக்கச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டதுபோல் தலையாட்டினேன். அது பொய் என்று அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். படியிறங்கிப் போய்விட்டார்.

மறந்துபோவதற்குள் நோட்டை எடுத்து, கடைசி வெள்ளைப் பக்கத்தில் அவர் கைகளை வரையப் பார்த்தேன். இரண்டு கையுறைகளைக் கொடியில் காயப்போட்டதுபோல் வந்தது. முன்பக்கங்களைப் புரட்டி ஒப்பிட்டும் பார்த்தேன், எதிலும் சேரவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை அன்று காலை பத்தரை மணிக்குத்தான் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.